காலிக் கட்டத்துக்கு முதல் பரிசு

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு எங்கள் ஊரில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு நான் வீட்டு மச்சு அறையில் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. பந்தல்குடியிலிருந்து உள்ளே தள்ளி, திருச்சுழிக்குப் போகிற பஸ் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி என்று நான் டீக்கடைக்கு வந்து நின்றால், "என்ன தம்பி, இன்னைக்கும் லீவா?" என்று யாராவது கேட்பார்கள். மிளகாய் எடுக்க ஆள் கிடைக்காத ஒரு நாளில் பக்கத்துக் காட்டுக்காரர் மச்சுக்கு நேராக வந்து நின்று, "சும்மாதான இருக்க, வாரியா?" என்று கூப்பிட்டார். மறுக்க வெட்கப்பட்டுக்கொண்டு போனேன். அரை வரிசை எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரே என்னை பைக்கில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

எனக்கும் ஒரு வித்தை தெரியும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற நமைச்சல் அதனால் வந்ததுதான்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் கோலப்போட்டி நடக்கும். பஸ் ரோட்டிலேயே சுண்ணாம்பால் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டம் கொடுப்பார்கள். தெரு முக்கில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் விழாக் கமிட்டித் தலைவர். பரிசுகளும் பெரும்பாலும் அவர் செலவுதான். போன வருடம் நடந்த போட்டி சண்டையில் முடிந்திருந்தது. மூன்று நடுவர்களில் ஒருவர் பாதியில் போன் வந்து பேசப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் பார்க்காத கட்டங்களுக்குக் கமிட்டிப் பையன்கள் சைபர் போட்டுக் கூட்டிவிட்டார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்று எங்கள் எதிர்வீட்டு அக்காவுடையது. ஊரில் அந்த அக்காவைப்போல் சிக்குக்கோலம் போட ஆள் கிடையாது. புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் ஒரே இழையாகச் சுற்றிக்கொண்டு வந்து முடிப்பாக. அவுகளுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை என்று ஆனதும் ரோட்டில் நின்று அவுக பேசிய பேச்சில், அண்ணாச்சி ரெண்டு நாள் கடையைப் பாதி ஷட்டர் இறக்கியே வைத்திருந்தார்.

இந்த வருடம் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இல்லாத மார்க்கு வேற, சைபர் வேற. இத நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிடுதேன். ஒருத்தர் மார்க்கு போடலைன்னா, போட்ட ரெண்டு பேரோடதை மட்டும் வச்சுச் சராசரி எடுக்கும். ஒருத்தருக்கும் அநியாயம் நடக்காது."

"அப்படிச் செய்யுமா?"

"அதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு அண்ணாச்சி."

"லைப்ரரின்னா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே, அதா?"

இல்லை, அது எண்கணக்குக்காக யாரோ எழுதி வைத்திருக்கும் நிரல்களின் தொகுப்பு என்று கால் மணி நேரம் விளக்கினேன். அதில் ஒரு வசதி உண்டு. ஒரு எண் கெட்டுப்போயிருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, அதன்மேல் ஒரு முகமூடியைப் போட்டு மறைத்துவிடலாம். கூட்டும்போதும் சராசரி எடுக்கும்போதும் முகமூடி போட்ட எண்ணை அது தொடாது. என் வேலையில் தினமும் புழங்குகிற சாமான்தான். இருபத்துச் சொச்சம் கோலத்துக்கு மார்க்கு கூட்ட ஒரு காகிதமும் பென்சிலும் போதும் என்பது கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் நான் பேசிய வேகத்தைப் பார்த்து யாரும் அதைச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"மார்க்கு போடுறது நீங்களா?"

"நான் போடல. நடுவர்ங்க போடுவாக. நான் கூட்டித்தான் குடுக்கேன்."

"நானும் பேரு குடுத்துருக்கேன். கடைசிக் கட்டம் என்னுது."

"அதுனால என்ன?"

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். அப்புறம் சொன்னாள். "எம் புருசன் கணக்குப் பாக்குற போட்டியில நான் போயி நின்னா, நாளைக்கு எது வந்தாலும் ஊரு ஒண்ணு பேசும். எனக்கு வேண்டாம். நான் போடல."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இன்னும் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படிப்பட்ட நேர்மையான குடும்பத்தில் ஒருவன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு மச்சுக்குப் போய் நிரலை எழுதினேன். சும்மா சில மார்க்குகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு நடுவர் மார்க்கை மறைத்துப் பார்த்தேன். எல்லாம் அச்சாக வந்தது. ஒரு கட்டத்துக்கு மூன்று நடுவருமே மார்க்கு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை. கோலமே போடாதவர்களைப் பற்றி ஒரு கோலப்போட்டியில் யார் கவலைப்படுவார்கள்?

போட்டி அன்று விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. ரோட்டில் தண்ணீர் தெளித்து, கட்டம் கட்டமாகப் பெண்கள் குனிந்திருந்தார்கள். மயில், கரும்பு, மாட்டுத்தலை, கலர் கலராகப் பானை. எதிர்வீட்டு அக்கா மட்டும் கலர்ப்பொடியைத் தொடவில்லை. வெறும் வெள்ளையில் ஒரு பெரிய சிக்குக்கோலம் இழுத்தாக. நடுவர்கள் மூன்று பேர். திருச்சுழியில் இருந்து வந்த ஓவிய டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, ஒரு பேங்க் ஆபீசர். நர்ஸம்மாவை நடுவில் யாரோ வந்து அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவர் விட்டுப்போன கட்டங்களுக்கெல்லாம் நான் நிதானமாக முகமூடி போட்டேன். பார்த்தீர்களா, இதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று அண்ணாச்சியிடம் சொல்லவும் செய்தேன்.

என் மனைவியின் கட்டம் கடைசியில் காலியாக இருந்தது. நடுவில் வேறு ரெண்டு கட்டங்களும் காலி. அந்த மூன்றுக்கும் நடுவர்கள் கோடு இழுத்திருந்தார்கள். அவற்றுக்கும் முகமூடி போட்டேன். பிறகு, அதிக மார்க்கு வாங்கிய மூன்று கட்டங்களைச் சொல் என்று ஒரு பொத்தானைத் தட்டினேன். மூன்று எண் வந்தது. மார்க்கு எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பரிசு அறிவிக்க எண் மட்டும் போதுமே என்று அழகாகச் சுருக்கி எழுதியிருந்தேன்.

அந்த மூன்று எண்களை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவற்றில் முதலாவது என் மனைவியின் கட்டம் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மேடையில் நிற்கிறோம் என்ற நினைப்பில் ஒன்றும் உறைக்கிற நிலையில் நான் இல்லை.

"மூணாம் பரிசு, ஒரு ஹாட்பாக்ஸ், ஏழாம் கட்டம்!" என்றார் அண்ணாச்சி மைக்கில்.

ஒருவரும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ, "ஏழாங் கட்டத்துக்காரி மதுரைக்குல்ல போயிருக்கா, தங்கச்சிக்குப் பிரசவம்னு" என்றார்கள். அண்ணாச்சி யோசிப்பதற்குள் அந்தப் பெண்ணின் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டது. "எம் மருமகதான்" என்று சொல்லி ஹாட்பாக்ஸை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, முந்தானையில் போர்த்திக்கொண்டு இறங்கி, நேராக வீட்டைப் பார்க்க நடந்தது. மதுரையில் இருப்பவள் இங்கே எப்போது கோலம் போட்டாள் என்று ஒரு சலசலப்பு எழுந்தது. மருமகளுக்குப் பதிலாக மாமியார் போட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டாம் பரிசு, மிக்ஸி, பன்னெண்டாம் கட்டம்!"

பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல்னு நான் கோலமே போடலையே" என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டதால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மிக்ஸியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம். மூன்றாவதையும் வாசித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"முதல் பரிசு, கிரைண்டர், கடைசிக் கட்டம்!" என்றார்.

என் மனைவி நடுவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் அப்படியே கையில் சாய்ந்து நின்றது. காப்பி பேங்க் ஆபீசரின் வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்ததை அவளும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

கூட்டம் மொத்தமும் திரும்பிக் கடைசிக் கட்டத்துக்குப் போனது. திருச்சுழி பஸ் போட்டிக்காகக் கோயில் முக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து போனார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு. உள்ளே தண்ணீர் தெளித்து ஈரம் காய்ந்த தார் ரோடு. அதன் நடுவில் ஒரு கோழி நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்டக்டர். "சுத்தமாப் பெருக்கியிருக்காக."

எதிர்வீட்டு அக்கா சிரிக்கவில்லை. அவுக மேடைக்கு நேராக வந்து நின்றாக. கையெல்லாம் வெள்ளைப்பொடி. குரலை உயர்த்தாமல்தான் பேசினாக, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போன வருசம் எனக்குச் சைபர் போட்டாக. அதாச்சும் ஒரு நம்பரு. இந்த வருசம் கோலமே போடாதவுகல்லாம் எனக்கு முந்தி வந்துட்டாக. அடுத்த வருசம் நான் வீட்ல இழுத்துப் போத்திப் படுத்துக்கிடட்டுமா தம்பி?"

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் லேப்டாப்புக்கு மேல் கூடாரமாகப் பிடித்தார். நான் அதற்குள் தலையை விட்டு மார்க்குப் பட்டியலை முழுசாகத் திறந்தேன். அவரும் தலையை உள்ளே விட்டார்.

"உங்க வீட்டம்மா கட்டத்துக்கு நேர என்ன போட்டுருக்கு? ரெண்டு கோடா தெரியுதே."

"அது மார்க்கு இல்லண்ணாச்சி. முகமூடி போட்டா அப்படித்தான் காட்டும்."

"மார்க்கே இல்லாததுக்கு எப்படிப்பா முதல் பரிசு வந்துச்சு?"

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. மூன்று நடுவரும் மார்க்கு போடாத கட்டத்துக்கு, அதன் சராசரியும் முகமூடியோடுதான் வரும். சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக நில் என்று சொன்னால், முகமூடி போட்டவர்களை அந்த லைப்ரரி கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும். நான் என்ன செய்திருந்தேன் என்றால், அதிக மார்க்கு முதலில் வரவேண்டுமே என்று அந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டிருந்தேன். கடைசியில் ஒதுங்கி நின்ற மூன்று பேரும் முன்னால் வந்துவிட்டார்கள். அவர்களிலும் கடைசியாக நின்றவள் என் மனைவி.

புரிந்துவிட்ட சந்தோஷத்தில் துண்டுக்குள்ளிருந்து நான் சத்தமாகச் சொன்னேன். "அண்ணாச்சி, தப்பு எங்கேன்னு தெரிஞ்சிருச்சு. அவ மார்க்கை நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்!"

மைக் அண்ணாச்சியின் கையிலேயே இருந்தது. அணைக்கவில்லை. கோயில் முக்கிலும் டீக்கடை மேலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும், அவ மார்க்கை நான்தான் மறைச்சு வச்சிருந்தேன் என்று என் குரல் போய், பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பியும் வந்தது.

அதற்குப்பின் நான் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. மறைக்கிறது என்றால் ஒளிக்கிறது அல்ல என்றேன். "பின்ன மறைக்கிறதுன்னா என்னலே?" என்று என்னோடு படித்தவனே கேட்டான். நடுவர்கள் மறுபடி கட்டம் கட்டமாகப் போய்ப் பார்க்கட்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. அது நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் பஸ் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏற்கெனவே லேட்டு, டவுன் டிப்போவுல எம் மேல எழுதிப்பிடுவாக" என்று சொல்லி, ஜன்னலில் இருந்து எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மயில், கரும்பு, மாட்டுத்தலை எல்லாவற்றின் மேலும் மெதுவாக ஏறிப் போய்விட்டார். அக்காவின் சிக்குக்கோலத்தின் மேலும் டயர் ஏறி, வெள்ளை இழையை ரோட்டில் நெடுக இழுத்துக்கொண்டு போனது.

இனி கம்ப்யூட்டரைத் தவிர வேறு வழியில்லை. அந்த மூன்று காலிக் கட்டங்களையும் முதலிலேயே எடுத்து வீசிவிட்டு மறுபடி ஓட்டினேன். அவசரத்தில் ரெண்டு தடவை தப்பாக அடித்தேன். துண்டைப் பிடித்திருந்த அண்ணாச்சி வலி தாங்காமல் கை மாற்றிக்கொண்டார்.

முதல் பரிசு எதிர்வீட்டு அக்காவுக்கு வந்தது. அண்ணாச்சி வாசித்தார். ஒருவரும் கை தட்டவில்லை. அக்காவே நம்பாமல், "இது நெசமா, இல்ல இதுவும் மறைச்சு வச்சதா?" என்று கேட்டாக. திருச்சுழி ஓவிய டீச்சர் எழுந்து, "நான் போட்டதுலயும் அவுகளுக்குத்தான் அதிகம்" என்று சொன்ன பிறகுதான் கைதட்டல் வந்தது. அது டீச்சருக்கு வந்த கைதட்டல். மிக்ஸி பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் போனது. மூன்றாவது வந்தது காலேஜில் படிக்கும் ஒரு பிள்ளை. அதற்குக் கொடுக்க ஹாட்பாக்ஸ் இல்லை. வாங்கிப்போன மாமியாரிடம் ஆள் அனுப்பினோம். "மைக்குல கூப்பிட்டுக் குடுத்தாக, வாங்கிட்டு வந்தேன். நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்?" என்று பதில் வந்தது. நியாயமான பதில். நான் மறுநாள் அருப்புக்கோட்டைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி வழக்கம்போல இலை போட்டுப் பரிமாறினாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். நானோ அவளுக்கு நடந்ததைப் புரியவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, சாப்பிடும்போது அப்பளத்தை எல்லாம் வரிசையாக அடுக்கி, கடைசி மூன்றைக் கிண்ணத்தால் மூடி, பிறகு வரிசையைத் திருப்பிக் காட்டினேன். அவள் கிண்ணத்தை எடுத்துவிட்டு அப்பளத்தை என் இலையில் வைத்தாள்.

"நான் போடணும்னு நெனச்சது என்ன கோலம்னு ஒரு தடவ கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை.

"ஒரு மாசமா மாடியில கரித்துண்டால போட்டுப் போட்டு அழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீக. பேச்சு வரக்கூடாதுன்னுதான் விட்டேன். இப்ப கோலமும் போடல, பேச்சும் வந்துருச்சு."

மிச்ச அப்பளம் அந்த வரிசையிலேயே இருந்தது. எடுத்துச் சாப்பிடவும் கூச்சமாக இருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தளத்தில் அழித்தும் அழியாமல் கரிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. தினமும் போனில் பேசிக்கொண்டு நான் அவற்றின் மேலேயே நடந்திருக்கிறேன். அதில் இருப்பது என்ன உருவம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு அவளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், காய் வாங்குகிற இடத்தில் எல்லாம் அவளுக்குக் கேலி நடந்தது. "உனக்கென்னம்மா, வாசலப் பெருக்குனாலே கிரைண்டரு" என்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வருவாள். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது. எனக்கு டீக்கடையில் வேறு மாதிரி மரியாதை கிடைத்தது. நான் போய் நின்றால் மாஸ்டர், "தம்பிக்கு டீ குடுத்தாச்சா, இல்ல மறைச்சு வச்சாச்சா?" என்பார்.

பொங்கல் லீவு முடிந்து வேலையில் உட்கார்ந்தபோதும் அந்தத் தலைகீழ் வரிசை மண்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி பிஸ்கட், சோப்பு மாதிரி சாமான்களை ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொடுக்கிறது. எந்தெந்தக் கடையில் விற்பனை நன்றாக இருக்கிறது என்று மாதாமாதம் ஒரு அறிக்கை போகும். அதை எழுதியவன் நான். கணக்கு அனுப்பாத கடைகளுக்கு முகமூடி போட்டிருந்தேன். பழைய நிரலைத் திறந்து பார்த்தேன்.

அதே வரி. எழுத்துப் பிசகாமல் அதே வரி. கோலப்போட்டிக்கு நான் எங்கிருந்து எடுத்தேன் என்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாதக்கணக்காக எங்கள் கம்பெனியின் சிறந்த கடைகள் என்று மேலே வந்துகொண்டிருந்தவை எல்லாம், விற்பனைக் கணக்கே அனுப்பாத கடைகள். அதில் ஒன்று எப்போதோ இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பாராட்டுச் சான்றிதழே போயிருக்கிறது. தபால்காரர் பூட்டின ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருப்பார். எங்கள் ஊரில் ஒரு கோழியும் ஒரு கண்டக்டரும் ரெண்டு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படித்த ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டு விழும் என்று கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவரோ, "ரொம்ப நுணுக்கமான விஷயம் இது. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார். மறுநாள் எல்லோரும் இருக்கும் மீட்டிங்கில், ஆழ்ந்து கவனித்துத் தவறைத் திருத்தியதற்காக என்னைப் பாராட்டினார். அதை எழுதியவனும் நான்தான் என்றேன். நெட்வொர்க் சரியில்லாமல் அது அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ரெண்டு மூன்று பேர் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள்.

கீழே இறங்கி வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லலாமா என்று யோசிக்கவெல்லாம் இல்லை, தானாக வந்துவிட்டது. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மூடிக் கெடக்குற கடைக்கா சான்றிதழ் குடுத்தாக?"

"ஆமா."

"யாரும் கேக்கலையா?"

"ஒருத்தரும் கேக்கல. எனக்குப் பாராட்டு வேற."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். புளிக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "பாவம், அந்தக் கடைக்காரர் வீட்டம்மாவ அவுக ஊர்ல என்ன பேசுனாகளோ" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, உங்க மாப்பிள்ள என்ன செஞ்சாருன்னு கேளேன்" என்று, பொங்கலன்று காப்பி ஊற்றிக்கொண்டு நின்றதில் இருந்து ஆரம்பித்தாள். இத்தனை நாளாக அவள் அதைத் தன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மாமியார் சிரிப்பதும் நன்றாகக் கேட்டது. கோழி வந்த இடத்தில் அவுக ரொம்ப நேரம் சிரித்தாக. நான் மிச்சப் புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.